மிட்வெஸ்ட் கோடையை வீட்டுக்குள் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்காக உங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் பயணக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவள் நான். நயாகரா, சுதந்திர தேவி சிலை, லாஸ் வேகஸ், டிஸ்னி என்று அவை முடிந்துவிடுகின்றன. நாங்கள் இருக்கும் மிட்வெஸ்ட் பகுதி, அதாவது விஸ்கான்சின், இல்லினாய், மினசோட்டா, அயோவா, இண்டியானா, மிச்சிகன், ஒஹையோ என்று பெரிய ஏரிகளைச் சுற்றியும் சோளக்காடுகளுக்கு நடுவிலும் கிடக்கிற இந்த மாநிலங்கள், பனிப்புயல் செய்தியில் மட்டும்தான் தலைகாட்டுகின்றன. இங்கே ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் மே மாதம் வந்து இறங்குகிறார்கள், அக்டோபருக்குள் கிளம்புகிறார்கள். குளிருக்குப் பயந்துதான் அந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மாதங்கள்தான் இந்தப் பகுதியின் மிக அழகான காலம் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோடை இங்கே ரொம்பச் சின்னது. மே கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே விடுமுறையில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறையோடு முடிந்துவிடும் என்பதுதான் ஊர்க் கணக்கு. ஏப்ரலில்கூடப் பனி கொட்டும். அதனால் இந்த ஊர்க்காரர்கள் வெயில் வந்ததும் வீட்டில் இருக்கவே மாட்டார்கள். ஜூன் கடைசியில் விஸ்கான்சின் தலைநகர் மேடிசனில் சூரியன் மறைய எட்டரைக்கு மேல் ஆகும், மினசோட்டாவின் மினியாபொலிசில் ஒன்பது மணியே ஆகிவிடும். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தாலும் இன்னொரு முழு மாலைப்பொழுது கையில் இருக்கும். அந்த மாலைகளை நம்மவர்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வார நாளெல்லாம் பெரியவர்கள் நாலு சுவருக்குள் தொலைக்காட்சி முன்னால். கார் ஓட்டத் தெரியாது, பேருந்தும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது. சனிக்கிழமை வந்தால் யாராவது ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் பாட்லக், ஆளுக்கொரு தட்டு கொண்டுபோய் அதே பிரியாணி, அதே பன்னீர், அதே கேசரி. வெளியே எழுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் இருபத்துநாலு, ஊட்டியில் காசு கொடுத்துத் தேடும் வெயில். உள்ளே ஏசி ஓடும் நிலவறையில் கிரீன் கார்டு பேச்சு. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். அதே நண்பர்கள், அதே சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருக்கட்டும், ஏரிக்கரைக்குக் கொண்டு போங்கள். இந்த மண்ணில் அந்த வாரம் என்ன விளைந்திருக்கிறதோ அதையும் கூடச் சேர்த்துச் சாப்பிடுங்கள். வந்திருக்கிற பெரியவர்களையும் கூட்டத்துக்குள் இழுங்கள்.

விளைவதைச் சொல்கிறேன். ஜூன் நடுவில் ஸ்ட்ராபெரி வரும், தோட்டத்துக்கே போய் நாமே பறித்து எடை போட்டு வாங்கலாம். ஜூலையில் செர்ரி, ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை மிச்சிகன் பக்கம் புளூபெரி, ஆகஸ்டில் தக்காளி, அப்புறம் செப்டம்பரில் ஆப்பிள். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிது ஜூலை கடைசியில் வரும் ஸ்வீட் கார்ன். நெடுஞ்சாலை ஓரம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிற மக்காச்சோளம் எல்லாம் நாம் சாப்பிடுகிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனால் தயாரிக்கவும் போகிற ரகம். சாப்பிடுகிற இனிப்புச் சோளம் தனி, சாலையோரம் டிரக்கின் பின்பக்கத்தில் குவித்து வைத்து டஜன் கணக்கில் விற்பார்கள். பறித்த நேரத்திலிருந்தே அதிலுள்ள சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், அதனால் காலையில் பறித்ததை மாலைக்குள் சாப்பிட வேண்டும் என்பது இங்குள்ளவர்கள் சட்டம் போலப் பின்பற்றும் விஷயம். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற ஆராய்ச்சியாளர் சர்க்கரை அதிகம் தங்கும் ஒரு மரபணுவைக் கவனித்ததில்தான் இன்றைய அதி இனிப்பு ரகங்கள் பிறந்தன. அவை சில நாள் தாங்கும் என்றாலும் அன்றன்று பறித்ததன் ருசி வேறு. தோலோடு தண்ணீரில் ஊறவைத்து, பூங்காவில் கரியடுப்பின் மேல் சுட்டு, மிளகாய்த்தூளும் உப்பும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள், மெரினா மணலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பெரியவர்கள் முகம் மாறிவிடும். பூங்காக்களில் நிலத்தில் ஊன்றிய இரும்பு அடுப்புகள் பொதுவாக இருக்கும், கரி மட்டும் கொண்டு போனால் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கூட்டத்தில் இருந்தால் கம்பியின் மேல் அலுமினியத் தாளை விரித்து அவர்களுக்கு முதலில் சுட்டுக் கொடுங்கள். சொல்லாமலே செய்ய வேண்டிய மரியாதை அது. பன்னீர், அன்னாசித் துண்டு, வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு எல்லாம் தாளுக்குள் நன்றாக வேகும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. மேடிசனில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி சனிக்கிழமை காலையில் கூடும் டேன் கவுண்டி சந்தை 1972ல் தொடங்கியது. விளைவித்தவர்கள்தான் அங்கே விற்க முடியும், இடைத்தரகர் கிடையாது. எல்லாரும் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில்தான் நடப்பார்கள், எதிரே நடந்தால் கூட்டத்தில் மோதிக்கொண்டே போக வேண்டும். அங்கே ஹமாங் மக்களின் கடைகளைத் தேடிப் பாருங்கள். லாவோஸ் நாட்டு மலைப்பகுதியிலிருந்து 1975க்குப் பிறகு அகதிகளாக வந்து விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் குடியேறியவர்கள் அவர்கள். பாகற்காய், பீர்க்கங்காய், காரமான சின்ன மிளகாய், கொத்தமல்லி, பூசணிக்கொழுந்து எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். என் மாமியாரை முதலில் அங்கே அழைத்துப் போனபோது, பூசணிக்கொழுந்தைப் பார்த்ததும் அத்தை அப்படியே நின்றுவிட்டார். கடையில் இருந்த பாட்டிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அத்தைக்கும் வராது. கொழுந்தின் நாரை எப்படி உரிப்பது என்று அந்தப் பாட்டி விரலால் காட்ட, பூண்டைக் காட்டி அத்தை தலையாட்ட, பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் அத்தை ஆறு மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். நயாகராவுக்கும் கூட்டிப் போனோம், நன்றாகத்தான் ரசித்தார். ஆனால் ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொன்னது இந்தச் சந்தையைப் பற்றித்தான்.

குடிக்க என்ன என்று கேட்பீர்கள். எலுமிச்சையை அரைப்பழமாகப் பிழிந்து தோலோடு சர்க்கரையும் ஐஸும் போட்டுக் குலுக்கித் தருகிற லெமன் ஷேக்அப் இல்லினாய், இண்டியானா திருவிழாக்களில் எங்கும் கிடைக்கும், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ரூட் பியர் என்ற சோடா பானம் அப்படி இல்லை, பெயரில் பியர் இருந்தாலும் பொதுவாக அதில் மது கிடையாது. முதல் மடக்கில் வலிக்குத் தடவும் தைலத்தின் வாசம் வருகிறது என்று நம்மவர்கள் தம்ளரைத் தள்ளி வைப்பார்கள். அதில் சேரும் வின்டர்கிரீன் என்ற செடியின் மணமும் தைலங்களில் இருக்கிற மணமும் ஒன்றுதான் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமே. பழைய காலத்தில் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை, சர்சபரில்லா வேர் எல்லாம் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். சாசஃப்ராஸில் உள்ள சாஃப்ரோல் என்ற பொருள் உடம்புக்கு ஆகாது என்று 1960ல் தடை செய்த பிறகு செயற்கை மணமோ, அந்தப் பொருளை நீக்கிய சாறோதான் போடுகிறார்கள். நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்தவர்கள் இரண்டாவது மடக்கையும் குடித்துப் பாருங்கள், ஏதோ ஒரு தூரத்து உறவு தெரியும். வனிலா ஐஸ்கிரீம் ஓர் உருண்டை மிதக்கவிட்டால் குழந்தைகள் விடவே மாட்டார்கள். நாங்கள் நன்னாரி சர்பத்தும் சப்ஜா விதையும் கொண்டு போய்ப் பக்கத்து மேசை அமெரிக்கக் குடும்பத்துக்குக் கொடுப்போம், அவர்கள் ரூட் பியர் தருவார்கள்.

மது அருந்துகிறவர்களுக்கு விஸ்கான்சினுக்கென்றே ஓர் அடையாளம் உண்டு. மற்ற ஊர்களில் விஸ்கியில் செய்யும் ஓல்டு ஃபேஷன்டு என்ற கலவை மதுவை இங்கே பிராந்தியில் செய்து, ஆரஞ்சும் செர்ரியும் நசுக்கிப் போட்டு, மேலே சோடா ஊற்றித் தருவார்கள். மில்வாக்கியில் ஜெர்மானியர்கள் கொண்டுவந்த வழக்கப்படி ஆற்றங்கரைப் பூங்காவில் மரத்தடி மேசை போட்ட பியர் கார்டன்கள் இருக்கின்றன. எஸ்டபிரூக் பூங்காவில் இருப்பதற்கு வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு போகலாம், குழந்தைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். ஆனால் ஒன்று, இதை நான் கண்டிப்போடு சொல்கிறேன். கூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது சட்ட வரம்பு, அதற்குக் கீழேயும் கை தடுமாறும். பிடிபட்டால் அபராதத்தோடு முடியாது, விசாவே ரத்தாகும் நிலை வரலாம். உயிர் போனால் அதற்கும் மேலே பேச என்ன இருக்கிறது.

பாலும் பாலாடைக்கட்டியும் பற்றிச் சொல்லாமல் விஸ்கான்சின் பற்றி எழுத முடியாது. சீஸ் கர்ட்ஸ் என்று சின்னச் சின்னக் கட்டிகளாக விற்பார்கள், அன்றைக்குச் செய்ததாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரும். ஒன்றிரண்டு நாளில் அந்தச் சத்தம் போய்விடும், அதனால் செய்கிற இடத்திலேயே வாங்குங்கள். சுத்த சைவக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சில சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனட் சேர்க்கிறார்கள், உறை மேல் சைவ ரெனட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரோசன் கஸ்டர்டு பார்க்க ஐஸ்கிரீம் மாதிரியே இருக்கும், ஆனால் சட்டப்படியே அதில் குறைந்தது 1.4 சதவீதம் முட்டை மஞ்சள் இருக்க வேண்டும். மாலையில் தீ மூட்டி, சாக்லேட்டோடு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், ஜெலட்டின் இல்லாத வகையும் கடைகளில் கிடைக்கிறது. இதெல்லாம் தெரிந்து சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும், தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படும் நிலையில் ஒரு பெரியவரை நாம் வைக்கக் கூடாது.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன், மாநிலக் கண்காட்சி. ஸ்டேட் ஃபேர் என்பார்கள். இல்லினாய், அயோவா, விஸ்கான்சினில் ஆகஸ்டில் நடக்கும், மினசோட்டாவில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி லேபர் டே அன்று முடியும், அந்தப் பன்னிரண்டு நாளில் சுமார் 20 லட்சம் பேர் வந்து போகிறார்கள். அயோவாவில் 1911 முதல் வெண்ணெயில் முழு அளவுப் பசுவைச் செய்து குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் வைக்கிறார்கள், சுமார் 600 பவுண்டு வெண்ணெய் பிடிக்கும். மினசோட்டாவில் பால்பண்ணைக் குடும்பத்துப் பெண் ஒருவரை அந்த ஆண்டின் இளவரசியாகத் தேர்ந்தெடுத்து, குளிர் அறைக்குள் அவரை உட்காரவைத்து, 90 பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் அவர் முகத்தைச் செதுக்குகிறார்கள். விஸ்கான்சினில் 1924 முதல் விற்கிற கிரீம் பஃப்புக்கு வரிசை நிற்கும். எண்ணெயில் பொரித்ததையும் குச்சியில் குத்தியதையும் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் பெரியவர்களை அழைத்துப் போகச் சொல்வது மாட்டுக் கொட்டகைக்கு.

என் மாமனார் ஈரோடு பக்கம் விவசாயம் பார்த்தவர். இங்கே வந்த புதிதில் ஒரு வாரத்தில் பேச்சே குறைந்துவிட்டது அவருக்கு. ஆகஸ்டில் நண்பர்கள் குடும்பங்களாகச் சேர்ந்து மில்வாக்கி பக்கத்தில் வெஸ்ட் ஆலிசில் நடக்கும் கண்காட்சிக்குப் போனோம். கொட்டகையில் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பசுக்களைக் குளிப்பாட்டி, வாலைச் சீவி, வைக்கோல் மேலேயே படுத்துக் கிடப்பார்கள். மாமா ஒரு ஹோல்ஸ்டீன் பசுவின் முன்னால் நின்று மடியைப் பார்த்தார், கொம்பு இல்லாததைப் பார்த்தார், "இது ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்குமுங்க?" என்று அந்தப் பையனின் அப்பாவிடம் தமிழிலேயே கேட்டுவிட்டார். என் மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். முப்பது லிட்டருக்கு மேல் என்றதும் மாமா நம்பவில்லை, என்ன தீவனம், எத்தனை வேளை கறவை, கன்று எப்போது பிரிப்பீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க அந்த விவசாயி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். காங்கேயம் காளையின் படத்தை மாமா கைப்பேசியில் காட்ட, திமிலைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட, பால் விலை கட்டவில்லை என்ற பேச்சு வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம். நாங்கள் ராட்டினம், சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார்கள். விஸ்கான்சினில் 12 லட்சத்துக்கும் மேல் கறவை மாடுகள் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் மண்ணும் மாடும் தெரிந்தவர்கள். அவர்களை நாம் கடைத்தெரு மால்களில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பை தூக்கச் சொல்கிறோம்.

மீன் விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு விஸ்கான்சினின் டோர் கவுண்டி. மிச்சிகன் ஏரிக்குள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிற நிலப்பகுதி, ஜூலை கடைசியில் புளிப்புச் செர்ரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். அங்கே மாலையில் ஃபிஷ் பாயில் என்று ஒன்று வைப்பார்கள். திறந்த வெளியில் விறகு மூட்டி, பெரிய கொப்பரையில் உப்புத் தண்ணீர் கொதிக்கவிட்டு, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடைசியில் ஏரியில் பிடித்த வெள்ளை மீன். மீன் வெந்ததும் நெருப்பில் மண்ணெண்ணெயை வீசுவார்கள், தீ ஆளுயரத்துக்கு எழும்பி, கொப்பரை பொங்கி வழியும், மேலே மிதக்கிற மீன் எண்ணெய் அதோடு வெளியே போய்விடும். காரம் துளியும் இருக்காது, உருக்கிய வெண்ணெயை ஊற்றித் தருவார்கள், கூடவே செர்ரி பை. எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணன் மிளகுப்பொடியும் ஆவக்காய் ஊறுகாயும் பையில் வைத்திருப்பார், அதோடு அந்த மீன் அமிர்தம்.

கார் இல்லாத மாணவர்களுக்கும் வழி உண்டு, சிகாகோ போங்கள். ஏரிக்கரை முழுக்கப் பதினெட்டு மைல் நடைபாதை, கடற்கரை போன்ற மணற்பரப்புகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கிராண்ட் பார்க் இசை விழா 1935 முதல் இலவசமாக நடக்கிறது, இப்போது மில்லேனியம் பூங்காவில் புல்வெளியில் ஜமுக்காளம் விரித்துக் கேட்கலாம், சாப்பாடு கொண்டு போகலாம். பில்சன், லிட்டில் வில்லேஜ் பக்கம் மெக்சிகோக்காரர்கள் தள்ளுவண்டியில் மாம்பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தூவித் தருவார்கள், விளக்கமே தேவையில்லாமல் நமக்குப் புரிகிற தின்பண்டம். மில்லேனியம் நிலையத்திலிருந்து சவுத் ஷோர் ரயில் ஏறினால் இண்டியானா டியூன்ஸ் போகலாம், 2019ல் தேசியப் பூங்காவானது. மணல் மேட்டில் ஏறி நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏரிக்கு அந்தப் பக்கம் சிகாகோ கட்டடங்கள் தெரியும். இன்னும் தூரம் போக முடிந்தவர்களுக்கு மிச்சிகனில் மேக்கினா தீவு இருக்கிறது, 1898ல் மோட்டார் வண்டிகளைத் தடை செய்தார்கள், இன்றைக்கும் குதிரை வண்டியும் சைக்கிளும்தான். மினசோட்டாவில் இட்டாஸ்கா பூங்காவில் மிசிசிப்பி ஆறு பிறக்கிற இடத்தில் கற்களின் மேல் கால் வைத்து அந்தப் பெரிய ஆற்றைக் குறுக்கே கடந்துவிடலாம், பெரியவர்கள் தலையில் தெளித்துக்கொள்ளாமல் வரமாட்டார்கள்.

மகிழ்ச்சியைச் சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். மிச்சிகன் ஏரி பார்க்கச் சாதுவாக இருக்கும், அலையும் சுழலும் அதற்கும் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் அளவுகூட இறங்காதீர்கள், கல் திண்டுகளின் ஓரம் நீந்தவே கூடாது. பல கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மல்லாக்கத் திரும்பி மிதக்க வேண்டும். படகு ஏறினால் மிதவைச் சட்டை எல்லாருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும்தான். ஜூனில் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும், குளிக்க ஆகஸ்ட் நல்லது. காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள், லைம் நோய் இந்தப் பக்கம் உண்டு. மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி கொடியைத் தொட்டால் கொப்புளம் வரும். தீ மூட்டுகிறவர்கள் விறகை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2002ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு விறகோடு விறகாகப் பரவி ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது, போகிற இடத்திலேயே வாங்குங்கள். இன்னொன்று, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் சூறாவளிச் சங்கைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லினாயில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை பத்து மணிக்கும், மினசோட்டாவில் முதல் புதன் பிற்பகல் ஒரு மணிக்கும் சோதனைக்காக ஊதுவார்கள். தெரியாதவர்கள் போர் வந்துவிட்டது என்று நடுங்கிப் போகிறார்கள். வானம் கறுத்திருக்கும்போது ஊதினால் அது சோதனை இல்லை, நிலவறைக்கு இறங்க வேண்டும். மருத்துவச் செலவு இங்கே பயங்கரம் என்பதால் வரும் பெற்றோருக்குக் காப்பீடு எடுக்காமல் வெளியே கூட்டிப் போகாதீர்கள், வீட்டிலும் வைத்திருக்காதீர்கள்.

கூட்டத்தில் யார் யார் என்பதும் முக்கியம். நாம் கூப்பிடுகிறவர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறோம். புதிதாக வேலைக்கு வந்து ஒற்றை அறையில் இருக்கும் பையன், வேலை செய்ய அனுமதியில்லாமல் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் இளம் மனைவி, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண், இவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போதும், காரில் ஓர் இடம் போதும். செலவைப் பிரிக்கும்போது மாணவர்களை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுப் பொறுப்பைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள், அடுப்பில் சோளம் சுடுவது எல்லாருக்கும் வரும். பல்லாங்குழியும் தாயமும் கொண்டு வரச் சொல்லுங்கள் பெரியவர்களை, குழந்தைகள் தானாக வந்து உட்காருவார்கள். இலவச நிகழ்ச்சிகளே எத்தனையோ இருக்கின்றன. மேடிசனில் கோடையில் சில வாரங்கள் புதன்கிழமை மாலை சட்டமன்றப் புல்வெளியில் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு வாசிப்பது 1984 முதல் நடக்கிறது, தயிர் சாதமும் மோர் மிளகாயும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். வாசிப்பு முடிந்தால் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தின் ஏரிக்கரை முற்றத்தில் வண்ண வண்ண இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, பல்கலைக்கழகப் பால்பண்ணையிலேயே செய்கிற ஐஸ்கிரீம். அதைவிட ஒரு நல்ல மாலையை இந்த நாட்டில் எங்கே காசு கொடுத்தும் வாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள், உங்கள் பயணப் பக்கத்தில் மிட்வெஸ்ட் கோடைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். இங்கே இருக்கும் வாசகர்களையே எழுதச் சொல்லுங்கள், கிளீவ்லாந்துக்காரர் ஒஹையோவைப் பற்றியும், டெட்ராய்ட்காரர் மிச்சிகனைப் பற்றியும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஜூனில் போடாமல் ஏப்ரலிலேயே போடுங்கள். பூங்காக் கொட்டகைகளும் டோர் கவுண்டி விடுதி அறைகளும் கோடை தொடங்குவதற்கு முன்பே நிறையத் தொடங்கிவிடுகின்றன, ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் பெட்டியில் பட்டுப்புடவையைக் குறைத்து நடக்கத் தோதான செருப்பையும் தொப்பியையும் வைக்க நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மேடிசன் அருகில், விஸ்கான்சின்